‘எடிட்டிங் சரியில்லை’ என்று சொல்லும் முன்: படத்தொகுப்பு பற்றி ஓர் எளிய அறிமுகம்

படம் முடிந்து தியேட்டர் வாசலுக்கு வருவதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. “படம் ஓகே. ஆனா செகண்ட் ஹாஃப் லேக். எடிட்டர் ஒரு இருபது நிமிஷம் தூக்கியிருக்கலாம்.” விமர்சன வீடியோக்களிலும் இதே கதைதான். ஒளிப்பதிவுக்கு ஒரு வரி, இசைக்கு ஒரு வரி, கடைசியாக எடிட்டிங்குக்கு ஒரு வரி: “படத்தொகுப்பு கச்சிதம்” அல்லது “கத்தரி இன்னும் கூர்மையாக இருந்திருக்கலாம்.” இந்த இரண்டில் எதையும் எந்தப் படத்தின் விமர்சனத்திலும் கொண்டுபோய் ஒட்டிவிடலாம். படிப்பவருக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியாது.

எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. நடிப்பு மேடையிலிருந்து வந்தது, ஒளிப்பதிவு புகைப்படத்திலிருந்து வந்தது, கதை ஆதியிலிருந்தே இருக்கிறது. ஆனால் ஒரு துண்டுப் படத்தை இன்னொரு துண்டோடு சேர்த்துப் புதிய அர்த்தம் உண்டாக்குவது சினிமாவோடு பிறந்த வேலை. அதைப் போய் ‘நீளத்தைக் குறைக்கும் வேலை’ என்று மட்டும் நாம் புரிந்துவைத்திருக்கிறோம். அந்தப் புரிதலைக் கொஞ்சம் மாற்ற முடியுமா என்று பார்ப்போம்.

அத்தை சொன்னால் ஏன் கேட்கிறோம்?

ஒரு கல்யாண வீட்டில் பந்தித் தகராறு. ஊர் திரும்பியதும் சித்தப்பா சொல்கிறார்: “பாயசம் பத்தல. மாப்பிள்ளையோட மாமா கோச்சுக்கிட்டு எழுந்துட்டாரு. அப்புறம் சமாதானம் பண்ணி உக்கார வச்சோம்.” முடிந்தது.

அதையே அத்தை சொல்கிறார்: “பந்தியில பாதி சாப்பாடுதான் ஆயிருக்கும். மாப்பிள்ளையோட மாமா சடக்குனு எலைய மடிச்சாரு. மண்டபமே அப்படியே நின்னுபோச்சு. பொண்ணோட அப்பா மூஞ்சியப் பாக்கணுமே…” இந்த இடத்தில் அத்தை ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிறார். நாம் காத்திருக்கிறோம். “எதுக்குன்னு நெனைக்கிற? ஒரு கரண்டி பாயசத்துக்கு!”

நடந்தது ஒன்றுதான். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் அத்தை எங்கே தொடங்குவது, யாருடைய முகத்தைக் காட்டுவது, எதைக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்திருக்கிறார். அத்தை சொன்னது சித்தப்பா சொன்னதைவிட நீளம். ஆனாலும் சலிப்பு தட்டவில்லை. படத்தொகுப்பாளர் செய்வது அத்தையின் வேலை. ஒரு படம் ‘நீளம்’ என்று தோன்றுவதற்கும் அதன் நிமிடக் கணக்குக்கும் நேரடித் தொடர்பு கிடையாது என்பதை இங்கேயே மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு சொற்கள் போதும்

கேமரா ஓடத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை பதிவாகும் தொடர்ச்சியான ஒரு துண்டு, ஷாட். அதே ஷாட்டை நடிகர் வசனம் மறந்ததாலோ, வெளிச்சம் சரியில்லாததாலோ திரும்பத் திரும்ப எடுப்பார்கள்; ஒவ்வொரு முறையும் ஒரு டேக். ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் புள்ளி, கட். ஓரிடத்தில் ஒரு நேரத்தில் நடக்கும் நிகழ்வைச் சொல்லும் ஷாட்டுகளின் கூட்டம், காட்சி. இவ்வளவுதான்.

படப்பிடிப்பு முடியும்போது எடிட்டரிடம் வந்து சேர்வது ஒரு படம் அல்ல, ஒரு மலை. பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் ‘அபோகலிப்ஸ் நவ்’ (1979) படத்துக்கு ஏறத்தாழ 12.5 லட்சம் அடி ஃபிலிம் ஓடியது. அதன் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச் போட்ட கணக்கின்படி, திரையில் நாம் பார்க்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 95 நிமிடம் எடுக்கப்பட்டிருந்தது. எல்லாப் படமும் அந்த அளவுக்குப் போகாது. இருந்தாலும் எந்தப் படத்திலும் எடுத்ததில் பெரும்பகுதி திரைக்கு வராது. எனவே ‘வெட்டாமல் விட்டுவிட்டார்’ என்று நாம் குறை சொல்லும் எடிட்டர், அதற்கு முன்பே பல மடங்கை விலக்கிவிட்டுத்தான் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்.

இதுவரை பார்த்தது: தொகுப்பு என்பது மலைபோல் கிடக்கும் துண்டுகளிலிருந்து எது, எதன் பக்கத்தில், எவ்வளவு நேரம் என்று தேர்ந்தெடுப்பது. நீக்குவது அதில் ஒரு பகுதி.

இரண்டு துண்டு, மூன்றாவது அர்த்தம்

இனிதான் விஷயத்துக்கு வருகிறோம். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இளம் இயக்குநர் ஒரு சோதனை செய்தார். மொஸ்ஷூகின் என்ற புகழ்பெற்ற நடிகரின் முகம், பெரிதாக எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரே குளோசப். அதன் பக்கத்தில் ஒருமுறை சூப் கிண்ணத்தின் ஷாட்டை ஒட்டினார். இன்னொரு முறை சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு பெண். மூன்றாவது முறை பொம்மையோடு விளையாடும் ஒரு சிறுமி. பார்த்தவர்கள் நடிகரைப் புகழ்ந்தார்களாம்: பசியில் என்ன ஏக்கம், சாவைக் கண்டு என்ன துக்கம், குழந்தையைப் பார்த்து என்ன கனிவு! முகம் மூன்று முறையும் ஒன்றேதான். குலெஷோவின் மாணவர் புதோவ்கின் எழுதிவைத்த குறிப்பிலிருந்து உலகம் அறிந்துகொண்ட சோதனை இது. அந்தப் படச்சுருள் இன்று இல்லை. பக்கத்தில் இருக்கும் ஷாட்டைப் பொறுத்து ஒரு ஷாட்டின் அர்த்தம் மாறுவதை இன்றுவரை ‘குலெஷோவ் விளைவு’ என்று சொல்கிறார்கள்.

ரஷ்யா தூரம் என்றால் ‘பாட்ஷா’வுக்கு (1995) வாருங்கள். அதுவரை அடியை வாங்கிக்கொண்டு சிரித்த மாணிக்கம் திருப்பி அடிக்கத் தொடங்கும் இடம். அந்தக் காட்சியின் அதிர்ச்சி ரஜினியின் கையில் மட்டும் இருக்கிறதா? ஒவ்வொரு அடிக்கும் இடையில் வரும் வீட்டாரின் முகங்களை எடுத்துவிட்டுக் கற்பனை செய்து பாருங்கள். வழக்கமான ஒரு சண்டை மிஞ்சும். ‘இவர் நம் அண்ணன்தானா?’ என்று திகைக்கும் அந்த முகங்கள்தான் நமக்கும் அதே கேள்வியைக் கொடுக்கின்றன. ஒருவர் செய்வதையோ சொல்வதையோ அல்லாமல், அதைப் பார்ப்பவரின் முகத்தைக் காட்டும் இத்தகைய துண்டுக்கு ரியாக்ஷன் ஷாட் என்று பெயர். நாம் ‘மாஸ் சீன்’ என்று கைதட்டுவதில் பாதி இதில்தான் நிற்கிறது. ஆனால் கைதட்டும்போது யாரும் எடிட்டரை நினைப்பதில்லை.

நேரத்தை இழுப்பதும் சுருக்குவதும்

ஒருவர் மதுரையில் பெட்டியைத் தூக்குகிறார். அடுத்த ஷாட்டில் சென்னை எழும்பூரில் இறங்குகிறார். ஒரே ஒரு கட் போட்டதில் எட்டு மணி நேரம் காணாமல் போனது. யாரும் கேள்வி கேட்பதில்லை. இது சுருக்குவது, எல்லோரும் அறிந்தது. இழுப்பதுதான் வியப்பானது.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தில் குளியலறைக் கொலை. திரையில் ஏறத்தாழ 45 விநாடி. அதற்காகக் கேமராவை 78 விதமாக வைத்து, ஏழு நாள் படம்பிடித்தார்கள். திரையில் 52 கட். எடிட்டர் ஜார்ஜ் டொமாசினி. கத்தி உடம்பில் இறங்கியதைப் பார்த்ததாகவே நம் எல்லோருக்கும் நினைவு. ஆனால் திரும்பப் போட்டு நிதானமாகப் பாருங்கள்: ஓங்கிய கை, திறந்த வாய், ஷவர், தடுக்கும் கைகள், தண்ணீரோடு ஓடும் கறுப்பு நிற ரத்தம். இவைதான் மாறி மாறி வருகின்றன. குத்து பெரும்பாலும் நம் மண்டைக்குள் நடக்கிறது. நிஜத்தில் சில விநாடிகளில் முடியக்கூடியது, முடியவே முடியாததுபோல் நீள்கிறது. கட் அதிகமானால் படம் வேகமாகும் என்ற பொது நம்பிக்கைக்கு நேரெதிரான உதாரணம் இது. இங்கே கட் அதிகமாக அதிகமாக நேரம் நீண்டது.

ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டினால் அது கிராஸ் கட். வேகத்துக்காக மட்டும் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று நினைத்தால் ‘தி காட்ஃபாதர்’ (1972) ஞானஸ்நானக் காட்சியைப் பாருங்கள். தேவாலயத்தில் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்கிறான் மாஃபியா குடும்பத் தலைவன் மைக்கேல். “சாத்தானை விட்டுவிடுகிறாயா?” என்று பாதிரியார் கேட்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே, வேறு வேறு இடங்களில் அவன் ஆட்கள் எதிரிகளைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். பிறகு அவன் குரல்: “விட்டுவிடுகிறேன்.” தேவாலயத்தை மட்டும் தனியாகக் காட்டினால் அது ஒரு சடங்கு. கொலைகளை மட்டும் தனியாகக் காட்டினால் அது ஒரு பழிவாங்கல். இரண்டையும் பின்னியபோது ஒரு மனிதனின் ஆன்மா நம் கண்ணெதிரே கைவிட்டுப் போகிறது. எந்த வசனமும் அதைச் சொல்லவில்லை.

சுருக்கமாக: ஷாட்டுகள் ஒட்டப்படும்போது அர்த்தம் பிறக்கிறது, நேரம் வளைகிறது. கட்டுகளின் எண்ணிக்கைக்கும் வேகத்துக்கும் நிரந்தர உறவு எதுவும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத கட்

நல்ல தொகுப்பின் பெரும்பகுதி நம் கண்ணில் படாது. டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் எதிரெதிரே பேசுகிறார்கள். கேமரா எப்போதும் அவர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்கிறது. அதனால் ஒருவர் இடமிருந்து வலமாகவும் மற்றவர் வலமிருந்து இடமாகவும் பார்ப்பது மாறுவதே இல்லை. எத்தனை கட் வந்தாலும் நமக்குக் குழப்பமில்லை. இதை 180 டிகிரி விதி என்பார்கள். அந்தக் கோட்டைத் தாண்டி எடுத்துவிட்டால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். சண்டைக் காட்சியில் ‘யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை’ என்று எரிச்சல் வருகிறதே, பல சமயம் காரணம் இதுதான். இது படப்பிடிப்புத் தளத்தில் நடந்த தவறு. எடிட்டரால் ஓரளவுதான் மறைக்க முடியும்.

ஒலியிலும் ஒரு வித்தை இருக்கிறது. காட்சி மாறுவதற்கு ஒரு நொடி முன்பே அடுத்த காட்சியின் சத்தம் கேட்கத் தொடங்கும்: கணவன் மனைவி மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள், ரயில் சத்தம் வருகிறது, பிறகுதான் ஸ்டேஷன் தெரிகிறது. இது ஜே கட். இதற்கு நேர்மாறாக, பேசுபவரின் குரல் தொடர, படம் மட்டும் கேட்பவருக்கோ அடுத்த காட்சிக்கோ மாறிவிடுவது எல் கட். உரையாடல் காட்சிகளை ஒருமுறை இதற்காகவே கவனித்துப் பாருங்கள். பேசுபவரைவிடக் கேட்பவரின் முகத்தில் அதிக நேரம் நிற்கும் படங்கள் எவை என்று தெரியவரும். எனக்குப் பிடித்த படங்கள் பெரும்பாலும் அந்த வகைதான்.

‘கண்டினியூட்டி மிஸ்டேக்’ வேட்டை பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முந்தைய ஷாட்டில் பாதி இருந்த காபி டம்ளர் அடுத்ததில் நிரம்பியிருக்கிறது. உடனே ‘எடிட்டர் தூங்கிட்டார்’ என்று ஸ்கிரீன்ஷாட் சுற்றுகிறது. மேலே சொன்ன வால்டர் மர்ச், எங்கே கட் செய்வது என்பதை எதை வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்று ஒரு வரிசை எழுதியிருக்கிறார். முதலிடத்தில் உணர்ச்சி, அதற்கு அவர் கொடுத்த எடை 51 சதவீதம். கதை, தாளம் எல்லாம் அதற்குப் பிறகு. யார் எங்கே நிற்கிறார்கள், எது எங்கே இருக்கிறது என்ற இடத் தொடர்ச்சிக்குக் கடைசி இடம், 4 சதவீதம். டம்ளர் நிரம்பியிருக்கும் டேக்கில்தான் நடிகையின் கண் கலங்கியது என்றால், எடிட்டர் கண்ணைத்தான் எடுப்பார். எடுக்கவும் வேண்டும்.

அப்படியானால் ‘லேக்’ எங்கிருந்து வருகிறது?

நமக்குத் தெரிந்துவிட்ட ஒன்றைப் படம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும்போது சலிக்கிறது. அடுத்து என்ன என்ற கேள்வி நம்மிடம் இல்லாதபோதும் சலிக்கிறது. இரண்டுமே பெரும்பாலும் திரைக்கதையில், அதாவது நிகழ்வுகளை எந்த வரிசையில், எவ்வளவு தகவலோடு சொல்வது என்று எழுதிய தாளில் தொடங்கும் நோய்.

2022-ல் வெளியான ‘கோப்ரா’வின் நீளம் 3 மணி 3 நிமிடம். வெளியான மறுநாளே 20 நிமிடம் குறைப்பதாக அறிவித்தார்கள். நம் ஊரில் இது இப்போது பழகிப்போன நடைமுறை. இப்படிக் குறைத்தால் கடிகாரத்தில் 20 நிமிடம் மிச்சம், அவ்வளவுதான். ஒரு கதாபாத்திரம் ஏன் அப்படிச் செய்கிறது என்று புரியாமல் தவித்தவருக்கு, காரணம் சொன்ன துண்டும் சேர்ந்து போய்விட்டால் இன்னும் புரியாது. புரியாத படம் குட்டையானாலும் நீளமாகத்தான் தோன்றும். அவசரமாக ட்ரிம் செய்வது பலமுறை நிலைமையை மோசமாக்கியிருக்கிறது என்பது என் கருத்து.

மறுபக்கம் ‘உதிரிப்பூக்கள்’ (1979). இயக்கம் மகேந்திரன், தொகுப்பு பி. லெனின். கடைசியில் ஊரே ஆற்றங்கரையில் கொடுமைக்காரனான சுந்தரவடிவேலுவைச் சூழ்ந்து நிற்கிறது. அவனே ஆற்றில் இறங்கிச் சாக வேண்டும் என்பது தீர்ப்பு. அவசரமே இல்லை. நிற்கும் மனிதர்கள், தண்ணீர், அவனுடைய இரண்டு குழந்தைகள். அந்தக் காட்சியில் யாரும் ‘லேக்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. என்ன நடக்கப்போகிறது என்பது தெரிந்தும் நம்மால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஏனென்றால் இப்போது நம் கேள்வி ‘என்ன நடக்கும்’ என்பதல்ல, ‘இந்தக் குழந்தைகள் என்ன ஆவார்கள்’ என்பது. மெதுவான படம் வேறு, தேங்கி நிற்கும் படம் வேறு.

திரைக்கதையும் தொகுப்பும் தொட்டுக்கொள்ளும் இடம் ‘அலைபாயுதே’ (2000). ஸ்ரீகர் பிரசாத் தொகுத்தது. வீட்டுக்குத் தெரியாமல் நடந்த காதல் கல்யாணம், பிறகு மனத்தாங்கல் என்று நேர்வரிசையில் சொன்னால் எளிய கதைதான். ஆனால் படம் வராத மனைவி சக்திக்காகக் காத்திருக்கும் கணவனிடமிருந்து தொடங்கி, தேடலையும் பழைய நாட்களையும் பின்னிக்கொண்டு போகிறது. அதனால் சிரிப்பும் பாட்டுமாக ஓடும் காட்சிகளின் மேலேயும் ‘சக்தி எங்கே?’ என்ற பயம் படிந்துவிடுகிறது. இது எழுத்தின் வேலையா, தொகுப்பின் வேலையா? எழுத்தில் இருந்த வரிசையைத் தாளத்தோடு நிறைவேற்றியது தொகுப்பு. வெளியிலிருந்து பார்க்கும் நாம் இந்த இரண்டையும் முழுக்கப் பிரிக்க முடியாது. அந்தத் தயக்கம் விமர்சனத்தில் இருப்பது நல்லது.

மறுபடியும் ஒருமுறை: சலிப்புக்கு நிமிடம் காரணமில்லை, கேள்வி இல்லாததுதான் காரணம். கேள்வியை உண்டாக்க வேண்டிய முதல் ஆள் எழுத்தாளர்.

முடிவெடுப்பது யார்?

எடிட்டர் தனியாக ஒரு படத்தை முடிப்பதில்லை. எல்லாக் காட்சிகளையும் கதை வரிசைப்படி அடுக்கி முதலில் ஒரு நீளமான வடிவம் செய்வார்; அது ரஃப் கட். அங்கிருந்து இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். தயாரிப்பாளரின் கவலை வருகிறது, நட்சத்திரத்தின் விருப்பம் வருகிறது. பாடல் ஏற்கெனவே ஹிட் என்பதால் அதைத் தூக்க முடியாது. இடைவேளை ஒரு திருப்பத்தில் விழுந்தாக வேண்டும். திடீரென்று ஒரு சொல் ஊமையானாலோ, ஒரு ஷாட் பாதியில் துள்ளினாலோ, அது தணிக்கையின் கையாக இருக்கலாம். இவ்வளவுக்கும் நடுவில் ‘எடிட்டர் சரியாகச் செய்யவில்லை’ என்று ஒருவரைச் சுட்டுவது நியாயமில்லை.

தமிழ் சினிமாவில் இந்தத் தொகுப்பு மேசையிலிருந்து இயக்கத்துக்குப் போனவர்கள் உண்டு. கிருஷ்ணன்-பஞ்சு இரட்டையரில் பஞ்சு, ‘பராசக்தி’யை (1952) பஞ்சாபி என்ற பெயரில் தொகுத்தவர். அவர்களிடம் தொகுப்பு கற்று இயக்குநரானவர் பீம்சிங். பீம்சிங்கின் மகன்தான் பி. லெனின். நம் காலத்தில் டி.இ. கிஷோர் ‘ஆடுகளம்’ படத்துக்கும் ‘விசாரணை’க்கும் சிறந்த படத்தொகுப்புக்கான தேசிய விருது பெற்றார். இரண்டாவது விருது அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. 2015-லேயே இளம் வயதில் போய்விட்டார். வெற்றிமாறன் படங்களைக் கொண்டாடும் எத்தனை பேச்சுகளில் அவர் பெயர் வருகிறது?

எதைக் கவனிக்கலாம்

எடிட் அறையில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. திரையில் இருப்பது தெரியும். அதை வைத்துச் சில கேள்விகள் கேட்கலாம். ஒரு காட்சி எந்த நொடியில் தொடங்குகிறது: ஆள் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்த பிறகா, அல்லது பேச்சின் நடுவிலா? முக்கியமான வசனம் வரும்போது படம் யாருடைய முகத்தில் இருக்கிறது? அழுகை முடிந்ததும் உடனே அடுத்த காட்சிக்குத் தாவுகிறதா, ஒரு மூச்சு விடுகிறதா? பிடித்த படத்தில் ஒரு காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கட் எங்கே விழுகிறது என்று கண் தானாகவே பிடித்துவிடும். ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்ட பார்த்திபனின் ‘இரவின் நிழல்’ (2022) கையில் கிடைத்தால் அதையும் பாருங்கள். அங்கே கட் செய்ய வேண்டியதையெல்லாம் கேமராவின் நகர்வும் அரங்க அமைப்பும் சுமக்கின்றன.

பிறகு எழுதும்போது ‘செகண்ட் ஹாஃப் லேக்’ என்பதோடு நிறுத்த வேண்டியிருக்காது. “துரோகி யார் என்று இடைவேளைக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிட்டது, நாயகன் அதைக் கண்டுபிடிக்கும்வரை நான்கு காட்சிகள் நம்மைக் காக்கவைக்கின்றன” என்று எழுதலாம். “அம்மா செய்தி கேட்கும் இடத்தில் அவர் முகத்தில் இன்னும் இரண்டு நொடி நின்றிருக்கலாம், பாட்டுக்கு அவசரமாகத் தாவிவிட்டார்கள்” என்று எழுதலாம். படித்தவர் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்து, நீங்கள் சொன்னது சரியா என்று உங்களோடு சண்டைக்கும் வரலாம்.